இடம் மாறிய இரண்டு சொற்கள்

மார்ச் 3, செவ்வாய்

காலையில் குழாய் சரிசெய்பவர் வந்து போனார். பதினோரு மணிக்குத் தபாலில் ஓர் உறை வந்தது. அப்போதிலிருந்து கோபம் தணியவில்லை. வழக்கமாக எனக்கு வருவது பயம்தான். வரிசைப்படுத்தாமல் எனக்குக் கோபப்படக்கூட வராது. ஆகவே, எழுத வேண்டியவை:

1. டாக்டர் பேசிய பேச்சு.
2. ஆறுதல் சொல்ல வந்தவர்கள்.
3. மாப்பிள்ளையின் கல்நெஞ்சு.
4. இரண்டு சொல் இடம் மாறியதைப் பார்த்தும் கையெழுத்துப் போட்டவன் எவன் என்று கண்டுபிடிப்பது.
5. இதில் எதற்கும் நான் வாய் திறக்காதது.

உறையில் இருந்தது மருத்துவமனைப் பதிவேட்டின் நகல். என் பேத்தி பிப்ரவரி 19 காலை பிறந்தாள். முப்பத்தெட்டு நிமிடம் இருந்தாள். நகலில் எழுதியிருப்பது: ‘பெண் சிசு, இறந்து பிறந்தது.’

பிறந்து இறந்தது. அதுதான் நடந்தது. அச்சகத்தில் முப்பத்தாறு வருடம் மெய்ப்புத் திருத்தியவன் நான். சொற்கள் இப்படி முன்பின்னாகி வந்தால் சிவப்பு மையில் இரண்டையும் சுற்றிப் பாம்பு மாதிரி ஒரு வளைகோடு போடுவோம். ஒரு நொடி வேலை.

மகள் படித்துவிட்டுத் தாளை மேசைமேல் கவிழ்த்து வைத்தாள். “நாலு மாசம் தெரிஞ்சேதான்பா சுமந்தேன். அந்த முப்பத்தெட்டு நிமிஷத்துக்காக. அதையும் இல்லன்னு எழுதிட்டாங்களா?”

இறந்து பிறந்தால் பிறப்புச் சான்று கிடையாது. பெயர் எழுதக் கட்டமும் கிடையாது. திருத்தப் பிறந்த நாளிலிருந்து முப்பது நாள் தவணையாம். 21ஆம் தேதி முடிகிறது.

மார்ச் 4, புதன்

எண் 1.

ஐந்தாம் மாத ஸ்கேன். மகளும் மாப்பிள்ளையும் முன்னால், நானும் மனைவியும் பின்னால். டாக்டர் எங்கள் யாரையும் பார்க்கவில்லை. திரையைப் பார்த்துச் சொன்னார்: “ரெண்டு கிட்னியும் உருவாகல. அதனால நுரையீரலும் வளராது. பொறந்தா சில நிமிஷம், மிஞ்சினா சில மணி நேரம். வச்சிருக்கறதுல அர்த்தமில்ல.”

அர்த்தமில்லை. ஒரு மனிதர் இன்னொருவரின் வயிற்றைப் பார்த்துச் சொல்லும் சொல்லா அது? கலைப்பதா வேண்டாமா என்பது அவர்கள் இரண்டு பேரின் பாடு. எப்படி முடிவெடுத்திருந்தாலும் நான் கூட நின்றிருப்பேன். நிற்பதைத்தான் நான் நன்றாகச் செய்வேன். ஆனால் அந்தச் சொல்!

மகள் நிதானமாகச் சொன்னாள்: “அவ வர்றப்ப வரட்டும் டாக்டர்.”

நான் எழுந்தேன். அவரை நாலு வார்த்தை கேட்டுவிடுவதென்றுதான் எழுந்தேன். கேட்டது: “பாத்ரூம் எந்தப் பக்கம்?”

மார்ச் 6, வெள்ளி

எண் 2. மனைவியின் ஒன்றுவிட்ட தங்கை. “பழகறதுக்கு முன்னாடியே போச்சே, அதுவரைக்கும் நல்லது.” பழகுவதா? முதல் ஸ்கேனில் புள்ளியாகத் தெரிந்த நாளிலிருந்து வீட்டில் அவளுக்குக் ‘கடுகு’ என்று பெயர். உதைத்தால், “கடுகு கோவமா இருக்கா” என்று மகள் சொல்வாள். யாருக்குப் பழக்கமில்லை?

அந்த அம்மாளுக்கு டீ கொண்டுவந்து கொடுத்தது நான்தான். சர்க்கரை போதுமா என்று வேறு கேட்டேன்.

மார்ச் 7, சனி

எண் 3. இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. எழுதுகிறேன்.

பிரசவ அறையில் குழந்தை மகளின் மார்பில் கிடந்தாள். அழுகை என்று சொல்ல முடியாது, ஒரு முனகல். என் மனைவி கால்விரல்களைத் தொட்டு எண்ணிக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை என்ன செய்தார்? கைக்கடிகாரத்தைப் பார்த்தார். குனிந்து ஏதோ கிறுக்கினார். மறுபடி கடிகாரம். பெற்ற பிள்ளை போய்க்கொண்டிருக்கிறது, இவருக்கு என்ன பஸ்ஸா தவறிவிடும்?

நாலாம் நாளே லிஃப்ட் ரிப்பேர் வேலைக்குக் கிளம்பிவிட்டார். ஒரு சொட்டுக் கண்ணீர் நான் பார்க்கவில்லை. மகளைப் பார்த்துக்கொள்ள இருவரும் எங்கள் வீட்டில்தான் இருக்கிறார்கள். உறை வந்த மறுநாளும் நேற்றும் வேலை முடிந்து இரண்டு மணி நேரம் தாமதமாக வந்தார். கேட்டேன். “ஒரு வேலை இருந்துச்சு மாமா.” அவ்வளவுதான். என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

மகளுக்குத் தெரியாதா, இப்படிப்பட்ட ஆள் என்று? எனக்கே தெரியவில்லையே.

மார்ச் 9, திங்கள்

மருத்துவமனைப் பதிவறை வாசல்வரை போனேன். வரிசை நீளமாக இருந்தது என்று வீட்டில் சொல்லியிருக்கிறேன். வரிசையே இல்லை.

மார்ச் 12, வியாழன்

போனேன்.

கிளம்பும்போது மனைவி கேட்டாள்: “இன்னைக்காவது வாயத் திறப்பீங்களா, இல்ல தலையாட்டிட்டு வருவீங்களா?”

பேச வேண்டியதை அரைப்பக்கம் எழுதிவைத்திருந்தேன். பதிவறையில் இருந்த எழுத்தர் என் மகள் வயதுப் பெண். எழுதியதைப் படிக்கத் தொடங்கினேன். இரண்டாம் வரியில் என்ன ஆயிற்றென்று தெரியவில்லை, கத்திவிட்டேன். “இறந்து பொறக்கலம்மா, பொறந்து இறந்தா. எது முன்னாடி நடந்ததோ அதத்தான் முன்னாடி எழுதணும். இதுகூடத் தெரியாதவங்க கையில எதுக்குப் பேனா? இதப் படிச்சுப் பாத்து விட்டவன் யாரு? அந்த மடையன எனக்குக் காட்டுங்க.”

“உட்காருங்க ஐயா. கத்தறதுக்கும் மூச்சு வேணும்ல.” தண்ணீர் வைத்துவிட்டு மகளின் பெயர் போட்ட கோப்பு ஒன்றை எடுத்து வந்தாள்.

செவிலியர் அவசரத்தில் எழுதிய படிவம். அதே வரி. கீழே உறவினர் கையெழுத்து. அதன் பக்கத்தில், யாரும் கேட்காமலே, சின்ன எழுத்தில்: ‘சரி பார்த்தேன்.’

என் எழுத்து. முப்பத்தாறு வருடம் ஒவ்வொரு மெய்ப்பின் அடியிலும் எழுதிய அதே இரண்டு சொல். அன்று தாழ்வாரத்தில் ஒரு தாளை நீட்டினார்கள். கண்ணாடி சட்டைப்பையில் இருந்தது. எடுத்துப் போட்டேனா? இல்லை. படித்தேனா? இல்லை. பழக்கதோஷத்தில் எழுதியிருக்கிறேன்.

அந்தப் பெண்ணுக்கு இது தெரியாது. அவள் பாட்டுக்குச் சொன்னாள்: “தப்புன்னு எங்களுக்கும் புரியுது. ஆனா சரி பார்த்தேன்னே எழுதியிருக்காரே. அவர் நேர்ல வந்து எழுதிக் கொடுத்தாத்தான் திருத்த முடியும். இதத்தான் உங்க மருமகன்கிட்ட மூணு தடவையா சொல்றேன்.”

“யார்கிட்ட?”

“லிஃப்ட் மெக்கானிக். போன வாரம் ரெண்டு தடவ, முந்தாநாள் ஒரு தடவ. கையெழுத்துப் போட்டவரைக் கூட்டிட்டு வாங்கன்னா, அவரால முடியாது, அவருக்குத் தெரியவும் வேணாங்கறார். பாவம், படுத்த படுக்கையா இருக்கார்போலன்னு நெனச்சேன்.”

கோப்பில் இன்னொரு தாளும் இருந்தது. மாப்பிள்ளை கொடுத்தது. லிஃப்ட் பராமரிப்பு நோட்டின் ஒரு பக்கம். ‘கதவு’, ‘கம்பி’, ‘எண்ணெய்’ என்று அச்சடித்த கட்டங்களுக்கு மேலேயே பென்சிலில்:

10.14 பிறந்தாள்.
10.20 சத்தம் போட்டாள்.
10.31 என் விரலைப் பிடித்தாள்.
10.40 அம்மா பேசினால் தலை திரும்புகிறது.
10.52

கடைசி நேரத்துக்கு எதிரே ஒன்றும் எழுதவில்லை.

“அந்த மடையன் நான்தாம்மா” என்றேன். பேனா கேட்டேன். சிவப்பு இருக்கிறதா என்றும் கேட்டேன். நீலம்தான் கொடுத்தாள்.

மார்ச் 13, வெள்ளி

மாடிப்படியில் மாப்பிள்ளையை நிறுத்தினேன். “ஏன் சொல்லல?”

“சொல்லி?” என்றார். “லிஃப்ட் நின்னா, கடைசியா பாத்தவன் யாருன்னுதான் மொதல்ல தேடுவாங்க மாமா. அந்த இடத்துல நான் நின்னுருக்கேன். உங்கள நிக்கவைக்க மனசு வரல.”

நாலு வார்த்தை சொல்ல நினைத்தேன். வந்தது: “சாப்டீங்களா?”

“இல்ல மாமா.” சொல்லிவிட்டு அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். தோள் குலுங்கியது. நானும் உட்கார்ந்தேன். முழங்கால் வலித்தது. எழுந்திருக்கவில்லை.

என்மீதுள்ள கோபம் குறையவில்லை. டாக்டர்மீதும். அது இருக்கட்டும்.

மார்ச் 20, வெள்ளி

புது நகல் வந்தது, தவணைக்கு ஒரு நாள் முன்னால். கண்ணாடி போட்டுக்கொண்டு எழுத்து எழுத்தாக மூன்று முறை படித்தேன். பிறகு மாப்பிள்ளையிடம் கொடுத்து ஒருமுறை படிக்கச் சொன்னேன். அப்புறம்தான் மகளிடம்.

பெயருக்கான கட்டத்தில் பெயர் இருக்கிறது. மகள் அதைச் சத்தமாக வாசித்தாள். யாரையோ கூப்பிடுவதுபோல இருந்தது.

இந்த நோட்டின் முதல் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். எண் 3 தவறு. அதை அடிக்கவில்லை, அடித்தால் எழுதியவன் தப்பித்துவிடுவான். ஓரத்தில் திருத்தக்குறி மட்டும் போட்டிருக்கிறேன். சிவப்பில்.