விஸ்கி வேனில் எட்டுப் பேர்

அன்பின் பஸ்மிலாவுக்கு ஸலாம். உம்மாவின் முழங்கால் இப்போது எப்படி?

குடிக்காதவனைத்தான் எடின்பரோ தேடும் என்று நான் அன்றே சொன்னேன்தானே! விஸ்கி ருசிபார்க்கும் சுற்றுலாவுக்கு என்னைப்போல் சாரதி இந்த நகரத்திலேயே இல்லை.

வேலை பிரித்துத் தரும் பாண்டிருப்பு சுஜிந்தன் கேட்டான்: "காக்கா, தனி ஜோடியா, சின்னக் குழுவா? ஜோடிக்குத்தான் டிப்ஸ் கூட."

"குழுவத் தா தம்பி. ஜோடி ரெண்டும் தங்களுக்குள்ளதான் கதைக்கும்."

நேற்று வந்த எட்டுப் பேரும் என்னைக் கையைப் பிடித்து இழுத்துப்போய், சாப்பாட்டு மேசையில் நடுவில் இருத்தினார்கள்.

இந்தக் கடிதத்தைக் கொண்டுவரும் அஸ்கி திரும்பி வரும்போது, அவனிடம் மாசிச் சம்பல் கொடுத்தனுப்பு. வாட்ஸ்அப்பில் பேசும்போது அடுப்படிச் சத்தத்தை நிறுத்தாதே, அதுவும் கேட்கட்டும்.

அஸ்கி ஊருக்குப் புறப்பட்டு நிற்கிறான், முடிக்கிறேன். மேசைக்குக் கூப்பிட்டது மட்டும் நான் சோடித்தது, புள்ள. வேனுக்குள் இருந்து பாணும் டின்மீனும் சாப்பிட்டேன்.

உன் ஜவுபர்