கேஸ் கடை நம்பர்

மார்ச் 5, செவ்வாய்

மதியம் கோமளா அக்கா கடைக்கு வந்தார். போன் உறைகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார், எதையும் வாங்கவில்லை. கிளம்பும்போதுதான் வாயைத் திறந்தார்: "வாணி, அண்ணனுக்குத் தெரியாம பேசற மாதிரி ஏதாச்சும் இருக்கா லா?"

யாரோடு என்று நான் கேட்கவில்லை. எனக்கே ஆச்சரியம். ஊர் வம்பென்றால் எனக்கு வெல்லம்.

மார்ச் 6

மகள் தேவமலரோடு பேசத்தானாம். இன்று அவராகவே சொல்லிவிட்டார். மலர் வீட்டில் சொல்லாமல் ரெஜிஸ்டர் கல்யாணம் பண்ணிக்கொண்டு டுரியான் துங்காலில் இருக்கிறாள். இங்கே ஜாசினிலிருந்து காரில் போனால் அப்படியொன்றும் தூரமில்லை. ஆனால் அக்காவின் புருஷன் வீரமுத்து அண்ணன், "அவகூடப் பேசினா நீயும் அங்கேயே போயிரு" என்று சொல்லியிருக்கிறார். சொன்னால் செய்கிற ஆள் அவர்.

வாட்சப் ஆகாது. அக்காவின் இடியாப்ப ஆர்டர்கள் அதில்தான் வருகின்றன. அண்ணன் அதை வீட்டுக் கணினியிலும் திறந்து வைத்துப் பார்க்கிறார். சிக்னல் போடலாம் என்றேன். "லைன் இல்லன்னா சொல்வாங்களே, அதா?" என்றார். அதன் பேரே அதுதான் என்று புரியவைப்பதற்குள் எனக்குத் தொண்டை வறண்டுவிட்டது.

மார்ச் 10, ஞாயிறு

சிக்னல் ஏற்றியாயிற்று. நாம் அனுப்புவது இங்கேயே பூட்டிக்கொண்டு கிளம்பும், மலர் போனில்தான் திறக்கும், நடுவில் கம்பெனிக்காரன்கூடப் பார்க்க முடியாது என்று விளக்கினேன். "அப்ப உன்னாலயும் முடியாதா?" என்றார். முடியாது. அதைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது.

ரகசிய எண் போடுங்கள், எனக்குச் சொல்லாதீர்கள் என்றேன். ஒவ்வோர் எண்ணையும் உரக்கச் சொல்லிக்கொண்டே அழுத்தினார். மறுபடியும் போட வைத்தேன். மறுபடியும் உரக்க. மூன்றாம் முறை நான் வெளியே போய் நின்றுகொண்டேன்.

செய்திகள் மறுநாள் தாமாகவே அழிந்துவிடும்படி வைத்தேன். அக்கா முகம் வாடிவிட்டது. "அவ பேசினத நான் வச்சுக்க முடியாதா?" பாதுகாப்புக்காக என்றேன். தலையாட்டினார். எனக்குத்தான் என்னவோ போல் இருந்தது.

அப்புறம் மலரை எந்தப் பெயரில் பதிவது? 'கேஸ் கடை' என்று பதிந்தேன். என் யோசனைதான். எந்தப் புருஷன் கேஸ் கடையைச் சந்தேகப்படுவான்? என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

மார்ச் 17

அக்கா முகத்தில் ஒரு தெளிச்சி. அம்மாவும் மகளும் அப்படி என்னதான் பேசுகிறார்கள்? சுற்றி வளைத்துக் கேட்டேன். "ரசம் வைக்கக் கேட்டா" என்றார். ரசம் வைக்க ஒரு வாரமா? பூட்டைப் போட்டுக் கொடுத்தவளே சாவித் துவாரத்தில் கண்ணை வைக்கக்கூடாது. தெரியும். இருந்தாலும்.

மார்ச் 23, சனி

கெட்டது குடி.

அக்கா போன் செய்தார். காலையில் வீட்டில் கேஸ் தீர்ந்திருக்கிறது. அக்கா குளிக்கப் போயிருந்தாராம். அண்ணன் போனில் சார்ஜ் இல்லை. அக்கா போனை எடுத்துத் தேடியிருக்கிறார் — 'கேஸ் கடை' — அழுத்திவிட்டார். வழக்கமாக கேஸ் போடும் சீனரின் நம்பர் 'ஆ சோங்' என்ற பேரில் தனியாக இருப்பது அவருக்கு எங்கே தெரியும்?

ஐயோ. நான் போட்ட பூட்டெல்லாம் சிக்னலுக்கு. பேரும் நம்பரும் வெளியே, போனிலேயே கிடக்கின்றன. யார் வேண்டுமானாலும் சாதாரணமாக அழைக்கலாம். இது ஏன் என் மண்டையில் ஏறவில்லை?

மலர் எடுத்து "அம்மா" என்றிருக்கிறாள். அப்புறம் அண்ணன் குரல்: "கேஸ் கடையா?" பயத்தில் அவளும் "ஆமா" என்றிருக்கிறாள். "ஒரு தோங் கேஸ் அனுப்புங்க" என்று வைத்துவிட்டார். எந்த வீடு என்று அவர் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

மலரே ஆ சோங் கடைக்குச் சொல்லி கேஸ் சிலிண்டர் அனுப்பிவிட்டாளாம். அண்ணன் அதை அடுப்பில் மாட்டிவிட்டு, தேத்தண்ணி கேட்டாராம்.

"தெரிஞ்சிருச்சா, தெரியலையா, வாணி?" என்று அக்கா கேட்டுக்கொண்டே இருந்தார். பெற்ற மகள் குரல் தெரியாமலா போகும்? அக்காவை வீட்டை விட்டு அனுப்பிவிட்டால் அந்தப் பாவம் என் தலையில்தான்.

மார்ச் 25

ஒன்றும் நடக்கவில்லை. அக்கா வீட்டில்தான் இருக்கிறார்.

மார்ச் 29, வெள்ளி

அக்கா பாசாருக்குக் காய்கறி வாங்கப் போன நேரத்தில், அவர் வீட்டில் விட்டுப்போன போனிலிருந்து அண்ணன் மறுபடியும் மலரை அழைத்திருக்கிறார். கேஸ் தீரவில்லை. "கடை இன்னிக்குத் திறந்திருக்கா?" என்று கேட்டாராம். திறந்திருக்கிறது என்றாளாம். சரி என்று வைத்துவிட்டாராம். மலர் சொல்லித்தான் அக்காவுக்கே தெரியும். இந்த மனிதர் என்ன நினைக்கிறார்? யாரிடம் போய்க் கேட்பது?

ஏப்ரல் 1, திங்கள்

தான் ஓட்டும் லாரியை எதிரே நிறுத்திவிட்டு வீரமுத்து அண்ணன் கடைக்குள் வந்தார். இன்று வாங்கிக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்றுதான் நினைத்தேன். போனை மேசைமேல் வைத்தார்.

"கோமளா போன்ல ஒண்ணு போட்டியாமே. இதுலயும் போட்டுக் கொடும்மா."

சிக்னலை ஏற்றினேன். பதிய வேண்டிய நம்பரைக் கேட்டேன், மலர் நம்பரைப் பார்க்காமலே சொன்னார். பேர் போடும் இடத்தில் வழக்கம்போல 'கேஸ்' என்று அடித்தேன். அண்ணன் கையை நீட்டி என்னைத் தடுத்தார்.

"அது எதுக்கு? நான் வச்ச பேரு இருக்குல்ல. அதையே போடு."

அழித்துவிட்டு 'தேவமலர்' என்று போட்டேன். சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு ஒருமுறை படித்துப் பார்த்தார். பிறகு எந்த இடத்தை அழுத்தினால் பேசலாம் என்று கேட்டார்.