அக்கரைக்குப் போன அடுப்புகள்

அண்ணா,

இன்று சாயங்காலம் மொட்டைமாடியில் காயப்போட்ட துணிகளை எடுக்கப் போனேன். கால்வாய்ப் பக்கமிருந்து காற்று அடித்துக்கொண்டிருந்தது. வறட்டி வைத்து நிலக்கரி மூட்டும்போது முதலில் ஒரு புகை கிளம்புமே, தொண்டையைப் பிடிக்கிற புகை, அந்த வாடை துணியெல்லாம் ஏறியிருந்தது. நம் ஊர் எல்லைக்குள் நிலக்கரி அடுப்பே கிடையாது என்று நகராட்சி வாசலில் பலகை வைத்திருக்கிறார்கள். பலகையில் உங்கள் பெயரும் இருக்கிறது. துவைத்த புடவையை மறுபடியும் வாளியில் போட்டுவிட்டு உங்களோடு சண்டை போட உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் இருந்தபோதே போட்டிருக்க வேண்டிய சண்டை.

கல்கத்தாவின் டாலிகஞ்சில் மெட்ரோவை விட்டு இறங்கி, ஆட்டோ மாறி வந்து சேர வேண்டிய இந்தச் சின்ன ஊரில் தமிழ் பேசுகிற வீடுகள் உங்களுடையதும் என்னுடையதும்தான். நீங்கள் மின்சார இலாகாவில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் பெண்கள் பள்ளியில் பூகோளம் நடத்தியவள். கல்கத்தாவிலேயே பிறந்து வளர்ந்தும் உங்கள் அப்பாவின் திருநெல்வேலிப் பேச்சு உங்கள் நாக்கை விட்டுப் போகவில்லை. பசுங்குடில் வாயுக்களைக் குறைக்க ஊருக்கென்று ஓர் இலக்கு வைக்கப்போகிறோம், அதற்கு ஒரு குழு வேண்டும் என்று நகராட்சி உங்களைக் கூப்பிட்டது. நீங்கள் நேரே என் வீட்டுக்கு வந்து நின்றீர்கள். "பூகோளம் படிச்ச ஆளு ஒண்ணு வேணும்லா டீச்சர்? கிளம்புங்க." நான் வருவேனா என்று கேட்கக்கூட இல்லை.

கூட்டங்களில் எல்லோரும் வங்காளத்தில் பேசுவார்கள். நீங்களும் அவர்களிடம் அழகான வங்காளம் பேசுவீர்கள். மற்றவர்கள் காதில் விழக்கூடாததை மட்டும் என் பக்கம் சாய்ந்து தமிழில் சொல்வீர்கள். "சேர்மனுக்குக் கண்ணு சொருகுது, சீக்கிரம் முடிச்சிருவோம்" என்பீர்கள். நான் சிரிப்பை அடக்க முடியாமல் இருமுவேன். என்ன சொன்னார் என்று பக்கத்தில் இருப்பவர்கள் கேட்பார்கள். அந்தக் கூட்டங்கள் எனக்குச் சலிக்காததற்கு இலக்கு மட்டும் காரணமில்லை என்று இப்போது சொல்வதில் வெட்கமில்லை.

முதல் வேலை இலக்கு எது என்று முடிவு செய்வது. தெருவிளக்கை மாற்றுவோம், பள்ளிக்கூட மாடியில் சூரியத் தகடு வைப்போம், குப்பை மேட்டைச் சரி செய்வோம், இது போதும் என்றார்கள் கவுன்சிலர்கள். நீங்கள்தான் எழுந்து நின்றீர்கள். கடைத்தெருவிலும் கால்வாய்க் கரையிலும் எரிகிற நிலக்கரியைச் சேர்க்காமல் என்ன இலக்கு என்று கேட்டீர்கள். உட்கார்ந்த பிறகு என்னிடம், "பல்பை மாத்திட்டுக் கைதட்டிக்கிடறதுக்கா குழு?" என்றீர்கள். அன்று உங்களை நினைத்து எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா? ஊர் எல்லைக்குள் என்ன எரிகிறதோ அதுதான் கணக்கு என்று முடிவானது. எல்லை வரைபடத்தை நானே வரைந்து கொடுத்தேன். கோடு கால்வாயின் நடுவில் ஓடியது. அக்கரை பஞ்சாயத்துக்குச் சொந்தம்.

அந்தக் குளிர்காலம் முழுவதும் நடந்தோம். ஒவ்வொரு டீக்கடை, பலகாரக் கடை, இஸ்திரி வண்டியாக நின்று எவ்வளவு கரி எரிக்கிறீர்கள் என்று கேட்டோம். சிலர் குறைத்துச் சொன்னார்கள், சிலர் விரட்டினார்கள். கால்வாய்க் கரையில் சோற்றுக் கடை வைத்திருந்த மாலதி மட்டும் திருப்பிக் கேட்டாள். அவளுடைய மகள் என்னிடம் படித்தவள், அதனால் என்னை திதிமோனி என்றுதான் கூப்பிடுவாள். இங்கே டீச்சரை அப்படித்தான் கூப்பிடுவார்கள். "பெரிய வீட்டு ஏசியெல்லாம் கண்ணுல படலியா திதிமோனி? என் உனுன்தான் பட்டுதா?" என்றாள். பழைய இரும்பு வாளிக்குள் களிமண் பூசிச் செய்த அந்தக் கரி அடுப்பைத்தான் உனுன் என்றாள். நீங்கள் அவள் பெஞ்சில் உட்கார்ந்து பருப்பும், உருளைக்கிழங்கைக் கசகசா அரைத்துப் புரட்டிய ஆலு போஸ்தோவும் வாங்கிச் சாப்பிட்டீர்கள். கை கழுவிவிட்டுச் சொன்னீர்கள்: "ஏசியும் கணக்குல வரும். பதிலுக்கு மின்சார அடுப்பு கொடுக்காம உன் உனுன்ல நான் கை வைக்க மாட்டேன்." அவள் உங்களை நம்பவில்லை. என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன்.

விளக்குகள் மாறின. குப்பை மேடு ஒழுங்கானது. சூரியத் தகடும் வந்தது. கடைத்தெருக்காரர்கள் மின்சார அடுப்புக்கு மாறினார்கள். கால்வாய்க் கரையின் நிலக்கரி மட்டும் அசையவில்லை. கால்வாய்க் கரைக்குப் போகிற மின்கம்பி அத்தனை அடுப்புகளைத் தாங்காது, புது டிரான்ஸ்பார்மர் வேண்டும் என்று நீங்களே எழுதிக் கொடுத்தீர்கள். அது ஆபீஸ் ஆபீஸாகச் சுற்றியது. கெடு நெருங்க நெருங்கக் கூட்டங்களில் உங்கள் தமிழ் குறைந்துகொண்டே வந்தது. உடம்புக்கு முடியவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, அண்ணியைக் கூப்பிட்டுக்கூட விசாரித்தேன்.

ஒரு நாள் காலையில் நீங்கள் வந்தீர்கள். காபியைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் குடிக்காமல் இருந்தீர்கள். "கரையில வேலை ஆரம்பிக்கப் போறாங்க டீச்சர். கடைக்காரங்க கொஞ்ச நாளைக்கு அக்கரையில இருக்கட்டும். லைன் போட்டதும் கூப்பிட்டுக்கிடலாம். நான் சொன்னா கேக்க மாட்டாங்க. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க."

"லைன் நிச்சயமா வந்துடுமா அண்ணா?"

"வராம எங்க போகுது? பாத்துக்கிடலாம்."

சொன்னேன். கடை கடையாகப் போய்ச் சொன்னேன். என்னிடம் படித்த பெண்களின் தாயும் தகப்பனுமாக அங்கே பாதிப் பேர். திதிமோனி சொல்கிறார் என்று கிளம்பினார்கள். மூங்கில் பாலத்தின் மேல் அந்த இரும்பு வாளிகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் போனார்கள். மாலதியின் சோற்றுப் பானைக்கு ஒரு பக்கம் அவள் கை கொடுத்தாள், மறுபக்கம் நான் பிடித்தேன். பாலம் ஆடியபோது இரண்டு பேரும் சிரித்தோம்.

பிறகு அந்த விழா. நகராட்சிக் கூடத்தில் சாமந்தி மாலை, மைக், தலைக்குத் தலை இனிப்புப் பொட்டலம். அறிக்கையை நீங்களே வாசித்தீர்கள். ஊர் எல்லைக்குள் நிலக்கரி அடுப்பு ஒன்றுகூட இல்லை, இலக்கை எட்டிவிட்டோம் என்றீர்கள். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டத்தான் கையை எடுத்தேன். அப்போதுதான் உறைத்தது. எத்தனை வருஷம் பிள்ளைகளுக்கு எல்லைக்கோடு வரையச் சொல்லிக் கொடுத்தவள்! நானே வரைந்த கோட்டுக்கு அந்தப் பக்கம் நானே பானை தூக்கிக்கொண்டு போயிருக்கிறேன். அடுப்பெல்லாம் எரிந்துகொண்டுதான் இருந்தது. கணக்கில் மட்டும் அணைந்துவிட்டது.

எழுந்தேன். மைக் இல்லாமலே கேட்டேன். நமக்குள் பேசுகிற மாதிரி தமிழில்தான் கேட்டேன், உங்களைச் சபையில் அவமானப்படுத்தக் கூடாதே என்று. "அண்ணா, இது உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

என்னைப் பார்த்தீர்கள். பிறகு மைக்கைப் பார்த்தீர்கள். யாரோ முன்பின் தெரியாத பெண்ணிடம் பேசுவது போல வங்காளத்தில் சொன்னீர்கள்: "உட்காருங்கள், மேடம். கேள்விகளைக் கடைசியில் எடுத்துக்கொள்வோம்."

மேடம்! அதற்கு முன்னால் ஒரு நாளாவது என்னை அப்படிக் கூப்பிட்டிருக்கிறீர்களா? சேர்மன் உங்கள் தோளில் உத்தரீயம் போட்டார். கடைசியில் கேள்வி எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. பொட்டலத்தை நாற்காலியிலேயே விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன். அன்று அழுதேன் அண்ணா. கோபத்தில்தான்.

நீங்கள் வந்து ஏதாவது சொல்வீர்கள் என்று காத்திருந்தேன். ஒரு சமாதானம், இல்லை ஒரு சாக்குப்போக்கு. நீங்கள் வரவில்லை. கடைத்தெருவில் என்னைத் தூரத்தில் கண்டால் வேறு சந்துக்குள் நுழைந்தீர்கள். கரையில் வேலை முடிந்து கம்பி வேலியோடு நடைபாதை வந்தது. மின்சார லைன் வரவில்லை. யாரையும் யாரும் திரும்பக் கூப்பிடவில்லை. வாக்குக் கொடுத்தது நீங்கள், அதைக் கொண்டுபோய்ச் சேர்த்தது நான். இந்த ஊரில் என் சொல்லுக்கு இருந்த மதிப்பை எடுத்துச் செலவழித்துவிட்டீர்களே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

மழைக்காலத்தில் ஒரு மத்தியானம் அண்ணி போன் செய்தாள். உங்களுக்கு நெஞ்சு வலி என்றாள், ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது என்றாள். வந்து அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்கு அழுகை வரவில்லை. இரங்கல் கூட்டத்தில் என்னைப் பேசச் சொன்னார்கள். தெருவிளக்கோடு நிறுத்திவிடாமல் நிலக்கரியையும் கணக்கில் சேர்க்கச் சொன்னவர் இவர் என்று வங்காளத்தில் சொன்னேன். அது உண்மைதானே. மேலே பேசினால் வேறு உண்மையும் வந்துவிடும் என்று இறங்கிவிட்டேன்.

சில நாள் கழித்து, விழாவுக்குப் பிறகு முதல் தடவையாக அக்கரைக்குப் போனேன். மாலதி கதவைச் சாத்துவாள், இல்லாவிட்டால் நாலு வார்த்தை கேட்பாள், கேட்கட்டும் என்று மனதைத் திடப்படுத்திக்கொண்டுதான் போனேன். அவளோ பெஞ்சைத் துடைத்து என்னை உட்காரச் சொன்னாள்.

"தாதா போயிட்டாரே திதிமோனி. வியாழக்கிழமை ஆனா இங்கேதான் சாப்பிடுவார். போன வியாழக்கிழமை பழக்கத்துல அவருக்கும் சேர்த்துப் பருப்பு வெச்சிட்டேன்" என்றாள். தாதா என்று, அண்ணன் என்று, அவள் சொன்னது உங்களைத்தான்.

அவர் இங்கே வந்தாரா என்று கேட்டேன்.

"விழா முடிஞ்ச மறு வாரமே வந்தாரே! இந்த பெஞ்சுலதான் உக்கார்ந்து எல்லாத்தையும் சொன்னார். லைன் வராதுன்னு அவருக்கு அப்பவே தெரியுமாம். இலக்கைத் தொடலைன்னா மத்த வேலையையும் நிறுத்திடுவோம்னு மேலே சொல்லிட்டாங்களாம். பயந்துட்டேன் மாலதி, என்னை மன்னிச்சிடுன்னார். நான் நல்லா திட்டினேன். சாப்பிடாம கேட்டுக்கிட்டே இருந்தார். திதிமோனிக்கு அப்போ ஒண்ணுமே தெரியாது, அவங்க மேல கோபப்படாதேன்னார்."

ஆக, பாலத்தைத் தாண்டி வந்திருக்கிறீர்கள். மாலதியிடம் திட்டு வாங்கியிருக்கிறீர்கள், அதன் பிறகு வாரா வாரம் வந்து சாப்பிட்டிருக்கிறீர்கள். என் பேரைக்கூடக் காப்பாற்றிக் கொடுத்திருக்கிறீர்கள். என் வீடு உங்கள் தெருவிலேயே இருக்கிறது. இதே விஷயத்தை என்னிடம் சொல்லியிருந்தால் கத்தியிருப்பேன், காபி கொடுத்திருக்க மாட்டேன், ஆனால் கேட்டிருப்பேன்.

மாலதி என் முகத்தைப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டாள். "முதல்ல உங்ககிட்டதான் வந்து சொன்னதா சொன்னாரே? திதிமோனியே என்னை மன்னிச்சிட்டாங்கன்னு சொன்னார். அவங்களே மன்னிச்சப்புறம் நாங்க என்ன சொல்றதுன்னுதான் நாங்களும் விட்டுட்டோம். சொன்னார்தானே?"

கரையோரக் கடைகளிலிருந்து இரண்டு மூன்று பேர் வந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். என் பதிலுக்காகத்தான் நின்றார்கள்.

"சொன்னார்" என்றேன்.

இப்போது அக்கரை முழுவதும் நான் உங்களை மன்னித்துவிட்டதாக நம்பிக்கொண்டிருக்கிறது. நீங்கள் கேட்டிருந்தால் மன்னித்திருப்பேனா, மாட்டேனா என்று தினமும் யோசிக்கிறேன். எனக்குத் தெரியவில்லை அண்ணா. நீங்கள் என்னிடம் கேட்கவே இல்லை.