மார்பளவு

என் ஒட்டடைக்குச்சிக்கு,

அம்மா எழுதுகிறேன். எல்லாரும் நலம் என்று எழுதினால் நீயே நம்ப மாட்டாய், அதை விட்டுவிடலாம். நான் தாளில் எழுத, உன் தங்கச்சி அதைப் படம் பிடித்துப் போனில் அனுப்புவாள். கோழி கிளறின மாதிரி இருக்கிறது என்று சிரிக்காமல் படி.

நீ வீட்டை விட்டுப் போன பிறகு நேற்றுத்தான் முதல் செய்தி. "அன்புள்ள தாயே, தனி அறையில் நலமாக இருக்கிறேன். புது உடுப்பு தைக்கிறார்கள். என் மார்பளவும் இடுப்பளவும் அனுப்புங்கள்." நான் உனக்கு என்றைக்கடா "தாயே" ஆனேன்? இங்கே இருந்தவரைக்கும் "ஏய் மூட்டை, சாப்பாடு போடு" தானே. யாரோ சொல்லச் சொல்ல நீ தட்டியிருக்கிறாய்.

காலமெல்லாம் தையல் மிஷினே கதி என்று கிடக்கிறவளிடம் கேட்கிற கேள்வியா இது? தோள் கேட்கவில்லை, கை நீளம் கேட்கவில்லை, கழுத்து கேட்கவில்லை. மார்பையும் இடுப்பையும் மட்டும் சுற்றிக் கட்டுகிற உடுப்பை நான் டிவியில் குண்டு வெடித்த செய்தியில் பார்த்திருக்கிறேன். அதைப் போட்டவன் எவனும் கழற்றித் துவைக்கப் போட்டதில்லை.

அளவு தர மாட்டேன்.

போன் விளையாட்டில் நீ கோல் போட்டால் "சபாஷ் தம்பி" என்பாராமே, அந்தக் கேப்டன்தானே கேட்கச் சொன்னார்? படித்ததும் செய்தி தானே அழிந்துபோகிற தனி அரட்டைக்கு உன்னைக் கூட்டிப்போய், செத்த குழந்தைகளின் படமாகக் காட்டினாராம். தங்கச்சி இப்போதுதான் சொல்கிறாள். தட்டின் முன்னால் நீ கண் கலங்கி உட்கார்ந்திருந்தபோது, எந்தப் பெண் கழற்றிவிட்டாள் என்று நான் கேலி செய்துகொண்டிருந்தேன்.

இதைக் கேப்டனும் படிப்பார் என்று தெரியும். ஐயா, உடுப்பு அவ்வளவு உயர்ந்தது என்றால் உங்கள் அளவுக்கே தைத்துக்கொள்ளுங்கள். இல்லை, ஆள்தான் வேண்டுமென்றால் நான் வருகிறேன். என் சுற்றளவுக்குத் துணிதான் கொஞ்சம் அதிகம் பிடிக்கும்.

டேய், அந்த ஆளின் முகத்தை ஒரு தடவையாவது பார்த்தாயா? குரல் மட்டும்தானே. உன் அப்பா பஸ் நிலையத்திலேயே கிடக்கிறார், வருகிற வண்டியெல்லாம் ஏறி இறங்குகிறார். நீ போனை அந்த அறையிலேயே போட்டுவிட்டு வெளியே வா. கடைக்காரர், வண்டிக்காரர், யாராயிருந்தாலும் சரி, அம்மாவிடம் பேச வேண்டும் என்று கேள். என் நம்பர் உனக்கு மனப்பாடம். எந்த ஊர் என்று மட்டும் சொல், மிச்சத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். திட்ட மாட்டேன். கேலிகூடச் செய்ய மாட்டேன்.

நீ நாற்பதைத் தாண்டி, தொப்பை போட்டு, பொத்தான் தெறித்து, "எல்லாச் சட்டையையும் பிரித்துத் தை மூட்டை" என்று என் உயிரை வாங்க வேண்டும். அந்த வரம் போதும் எனக்கு.

கதவைத் திறந்து வந்துவிடு, ராசா.

உன் அம்மா