சாதகக் கட்டுக்குள் இருந்த சம்மதம்

அலுமாரியைத் திறந்ததும் பூச்சி உருண்டையின் நெடியோடு உம்முடைய சேலைகளின் மணமும் வந்து முகத்தில் அடித்தது. அதைப் பொருட்படுத்தாமல், உமக்கு எதிரான என் முறைப்பாடுகளைக் கீழே தருகிறேன்.

1. சென்ற வருடம், ஆனி முதல் வாரம்: தாதியர் கல்லூரியில் படிக்கும் எங்கள் மகள் இராணுவத்தில் தாதியாகச் சேர விரும்புவதை அறிந்திருந்தும், ஒரே வீட்டில் இருந்துகொண்டு எனக்கு மறைத்தீர்.

2. ஆனி கடைசி வாரம்: அதற்குச் சம்மதித்துக் கொப்பித் தாளில் கையெழுத்தும் வைத்தீர்.

3. ஆடி ஒன்பது: என் ஆட்சேபத்தைக் கேளாமலே காலமானீர்.

மூன்றாவதை நான் மன்னிப்பதாக இல்லை.

போன ஞாயிறு மகள் விண்ணப்பப் படிவத்தை என்முன் வைத்தாள். தாயின் இடத்தில் ‘காலமானார்’ என்று எழுதியிருந்தாள். தகப்பனின் கையெழுத்து வெள்ளிக்கிழமைக்குள் வேண்டுமாம். அந்தச் சீருடை இந்த வீட்டுக்குள் வராது என்றேன். அவள் என் கையில் பட்டியைச் சுற்றிப் பிரஷர் பார்க்கத் தொடங்கினாள்.

“கோபப்படுங்கோ அப்பா, கையை மட்டும் ஆட்டாதேங்கோ. அளக்க ஏலாமல் கிடக்கு.”

எனவே வேறு வழி தேடினேன். தம்பலகாமத்தில் நல்ல சம்பந்தம் ஒன்று இருப்பதாகச் சொன்ன தரகர் சாதகம் கேட்டார். பல்கலைக்கழக நாள் முதல் சாதகத்தைக் குப்பை என்று பேசி வந்த நான், மகள் பாலையூற்றுக் கடைக்குப் போன நேரம் பார்த்து, நீர் மஞ்சள் துணியில் முடிந்து வைத்த சாதகக் கட்டை அவிழ்த்தேன். குறிப்புக்கு மேலே மடித்த கொப்பித் தாள். மகளுக்கு உம்முடைய சம்மதம். அதன்கீழ் எனக்கு இரண்டு வரி.

“இந்தக் கட்டை நீங்கள் அவிட்டிட்டீங்களெண்டால், பிள்ளையைக் கட்டிக்குடுத்துத் தடுக்கப் பாக்கிறியள். வெக்கமாயில்லையோ?”

கட்டிய கணவனை இவ்வளவு துல்லியமாகப் பொறிவைத்துப் பிடிப்பது நாகரிகமான செயல் அல்ல.

எங்கள் கலியாண நாளிலேயே உம்மை நான் விளங்கியிருக்க வேண்டும். தாலி கட்டி, ராகுகாலத்துக்கு முன் வீடு சேர வேண்டுமென்று வந்துகொண்டிருந்தோம். ஓர்ஸ் ஹில்லுக்குக் கீழே சோதனைச் சாவடியில் எங்கள் வாகனத்தை மறித்த சிப்பாய், வெயில் தாங்காமல் எங்கள் முன்னாலேயே சரிந்தான். முதலுதவி வகுப்பொன்றுக்கு மூன்று நாள் போயிருந்த நீர், கூறைச் சேலையோடு இறங்கி, பரிசாக வந்த குத்துவிளக்குப் பெட்டியை அவன் கால்களுக்கு முட்டுக்கொடுத்தீர். மற்றச் சிப்பாய்கள் துவக்கை எந்தப் பக்கம் பிடிப்பதென்று தெரியாமல் நின்றார்கள். ராகுகாலம் வரப்போகுது என்று நான் முணுமுணுத்தேன்.

“உதில நம்பிக்கையில்லை எண்டெல்லோ சொன்னனீங்கள்?” என்றீர், திரும்பியும் பாராமல்.

முந்திய கிழமை அதே சாவடியில் என்னை ஒரு மணித்தியாலம் வெயிலில் முழந்தாளில் இருத்தியவன் அவன்தான். சொல்ல வாயெடுத்தேன், நீர் அவனுக்குத் தண்ணீர் பருக்கிக்கொண்டிருந்தீர். பிறகு சொல்லவேயில்லை. இன்றுதான் சொல்கிறேன்.

என் கோபம் நியாயமானது. அந்த உடுப்பைக் கண்டால் இன்றும் என் கை தானாகவே சட்டைப்பையில் அடையாள அட்டையைத் தேடுகிறது. பெற்ற மகளைக் கண்டும் ஒருநாள் அப்படித் தேடிவிடுவேனோ என்பதே என் பயம். நேற்று அதையும் அவளிடம் சொல்லிவிட்டேன்.

“தேடி எடுங்கோ அப்பா. வாங்கிப் பாத்திட்டு, சாப்பிட்டாச்சோ எண்டு கேட்டுத் திருப்பித் தருவன்.”

உம்முடைய வளர்ப்பு.

ஆகவே, இதற்கு நான் ஏன் சம்மதிக்க வேண்டும் என்பதற்கான உமது விளக்கத்தை வரும் வெள்ளிக்கிழமை பிற்பகல் நான்கு மணிக்கு முன் எழுத்துமூலம் சமர்ப்பிக்க வேண்டும். கனவில் வருவதோ காகமாக வருவதோ ஏற்றுக்கொள்ளப்படமாட்டாது. குறித்த நேரத்துள் பதில் கிடையாதவிடத்து, வாதாட எதிர்த்தரப்பு இல்லாத காரணத்தால், படிவத்தில் நான் கையெழுத்திட நேரும். அதற்கான முழுப் பொறுப்பும் உம்மையே சாரும்.