லெமினேட் செய்த பட்டம்

2024 பெப்ரவரி 6

விடியக்காலை கொழும்பிலிருந்து பஸ்ஸில் ஊர் வந்து இறங்கினேன். போன காரியம் நடக்கவில்லை. ஆறு வருடம் வெளிநாட்டில் படித்து வாங்கிய மருத்துவப் பட்டம். அதன் பின்பக்கத்தில் ஓர் அரசாங்க முத்திரை விழுந்தால்தான் இங்கே தகுதிப் பரீட்சைக்கு விண்ணப்பிக்கலாம். கவுண்டரில் இருந்த பெண் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"லெமினேட் பண்ணினதுல சீல் குத்த ஏலாது மிஸ். ஒரிஜினல கொண்டு வாங்க."

இதுதான் ஒரிஜினல்!

நான் படிப்பை முடித்து ஊர் வந்த மறுநாளே அப்பா அதைத் தலையணை உறைக்குள் வைத்து, களுவாஞ்சிக்குடிக்குச் சைக்கிளில் கொண்டுபோய் லெமினேட் பண்ணினார். வரும் வழியில் களுதாவளைப் பிள்ளையாரின் காலடியிலும் வைத்து எடுத்தார். சுனாமியில் காணி உறுதிப் பத்திரம் முதல் எல்லாவற்றையும் பறிகொடுத்த மனிதர். "இனி வெள்ளம் வந்தாலும் ஒண்டும் ஆகாது புள்ள" என்றார். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். டாக்டராம் நான்!

பெப்ரவரி 9

பல்கலைக்கழகத்திலிருந்து பதில். இரண்டாம் பிரதி தருவார்களாம். எட்டு மாதமாவது ஆகுமாம். பரீட்சைக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள் மார்ச் 15.

"சீல் குத்தியாச்சா புள்ள?" என்று அப்பா கேட்டார். அடுத்த மாதம் வரச் சொன்னார்கள் என்றேன். வேறு என்ன சொல்ல?

பெப்ரவரி 13

அப்பா வயலுக்குப் போன நேரம் பார்த்து, பள்ளிக்கூடத்துச் சாதாரண தரச் சான்றிதழில் சோதித்துப் பார்த்தேன். அதுவும் அவர் லெமினேட் பண்ணியதுதான். ஓரத்தை வெட்டி, அயன் பெட்டியால் சூடு காட்டி, மெதுவாக இழுத்தேன். என் பெயர் பிளாஸ்டிக்கோடு கழன்று வந்தது.

பட்டத்தில இத செஞ்சிருந்தா?

மார்ச் 2

சஹ்லாவுக்கு முத்திரை கிடைத்துவிட்டது. காத்தான்குடிக்காரி, ஆறு வருடமும் என் அறைத்தோழி. "அழாத கா, ஒனக்கும் கிடைக்கும். துஆ செய்றன்" என்றாள். போனை வைத்த பிறகு எரிச்சலாக வந்தது. அவள் மேல் பொறாமையா? சீ, என்ன பிறவி நான்.

மார்ச் 15

நாலு மணி. முடிந்தது.

மே 20

மருந்துக்கடையில் வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம். "டாக்டருக்குப் படிச்ச புள்ளதானே நீ?" என்று இருமல் பாணி வாங்க வந்தவர் கேட்டார். மிச்சக் காசைக் கொடுத்துவிட்டு உள்ளே போய் அழுதேன். பரீட்சையைப் பிற்போட்டு விட்டார்கள் என்று அப்பாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அவர் ஏனோ இப்போது எதுவும் கேட்பதில்லை. செத்துப் போகலாம் போல இருக்கிறது — இல்லை, அப்படி எழுதக் கூடாது.

நவம்பர் 4

தபால்காரர் மணியடித்தார். வாசலில் நின்ற அப்பா என்னைக் கூப்பிட்டார். நானே கையெழுத்துப் போட்டு வாங்கினேன். பல்கலைக்கழக உறை. பிரித்தேன். வெறும் தாள், பிளாஸ்டிக் இல்லாமல்.

"பாருங்கப்பா" என்று நீட்டினேன்.

"வேணாம் புள்ள. நீயே வெச்சிரு. நான் தொட மாட்டன்."

"எப்பயிருந்து தெரியும்?"

"நீ அயன் பெட்டி வெச்ச அண்டைக்கே. உன்ட பேர் ஒட்டின பிளாஸ்டிக்கக் குப்பையில கண்டன்."

அடுத்த பரீட்சைக்கு இன்னும் நாள் இருக்கிறது என்றேன். தலையாட்டினார். இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, எட்ட நின்றபடியே என் பெயரை வாசித்தார்.