மீனா வந்து இறங்காத சனிக்கிழமை

மதினி,

இன்றைக்குக் காலையில் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகிற ஜீப்பு மேட்டுப் பாதையில் ஏறும்போது எனக்குப் பின்னால் யாரோ நார்த்தங்காய் ஊறுகாய் டப்பாவைத் திறந்தார்கள். வளைவில் குமட்டாமல் இருக்க நீ நாக்கில் ஒரு துண்டு வைத்துக்கொள்வாயே, அதே மணம். ஒரு நிமிஷம் நீதான் என்று நினைத்துவிட்டேன். போன அடைமழையில் காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக்குப் போனவள் நீ, உயிரோடு திரும்பவில்லை. அது எனக்குத் தெரியும். மூக்குக்குத் தெரியவில்லை.

அஞ்சாம் வகுப்போடு நின்றவள் நான், எழுத்து கோணல்மாணலாகத்தான் வரும். ஆனாலும் மீனா சங்கதியை உன்னிடம் சொல்லாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை. நான் பெற்றதோடு சரி, பாதி வளர்த்தவள் நீதானே. அவளை யுனிவர்சிட்டியில் சேர்த்தாச்சு மதினி. திண்டுக்கல் தாண்டிப் போகணும். அங்கேயே ஆஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். நீ இருந்து பார்த்திருக்க வேண்டியது.

நான் சிலமலைக்கு வாக்கப்பட்டு வந்து முதல்முதலாக ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஏறின நாள் உனக்கு ஞாபகம் இருக்கும். மத்தியானம் எல்லாரும் மரத்தடியில் வட்டமாக உட்கார்ந்தீர்கள். நான் தள்ளி, ஒரு பாறைக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தேன். நீ எழுந்து வந்தாய். பேர் கேட்கவில்லை, ஊர் கேட்கவில்லை. என் தூக்குச்சட்டியை இழுத்துத் திறந்து, என் குழம்பில் ஒரு வாய் பிசைந்து சாப்பிட்டாய். அப்புறம் முகத்தைச் சுளித்துக்கொண்டு வட்டத்தைப் பார்த்துச் சொன்னாய். "இவ புருசன் பாவம்டி. உப்பே இல்லாமத் திங்கிறான்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன். எழுந்து வந்து வட்டத்தில் உட்கார்ந்தேன். உறவே இல்லாத உன்னை மதினி என்று கூப்பிட ஆரம்பித்தது அன்றைக்குத்தான். புதிதாக வருகிறவள் சட்டியில் பக்கத்தில் இருக்கிறவள் முதல் கையை வைக்கணும் என்பது நம் ஜீப்பு வழக்கம் என்று அப்புறம்தான் தெரிந்தது. ஏன் கேட்காமல் எடுத்தாய் என்று ஒருநாள் கேட்டேன். "யாரு, எந்தத் தெருன்னு கேட்டுட்டா அப்புறம் கை நீளாதுடி" என்றாய். அதற்கு மேல் நீ விளக்கவில்லை. விளக்காமலே எனக்கு விளங்கியது.

மீனா அதைப் பார்த்துத்தான் வளர்ந்தாள். பள்ளிக்கூடம் லீவு விட்டால் நம்மோடு ஜீப்பில் ஏறிவிடுவாள். காய் பறிக்கிற நேரமெல்லாம் செடிக்கு அடியில் உட்கார்ந்து அட்டைப்பூச்சிக்கு உப்பு வைத்து விளையாடுவாள். சோற்று நேரம் வந்தால் ஒவ்வொரு சட்டியாகப் போய் ஒரு வாய் வாங்குவாள். "ஏ, வரி வசூல் பண்ண வந்துட்டா" என்று நீ உன் கருவாட்டை மறைப்பாய். மறைத்ததை அவளுக்கே கொடுப்பாய்.

அந்தப் பழக்கம்தான் மதினி அங்கே போய் அவளை மாட்டிவிட்டது.

ஆஸ்டலில் அவள் அறையில் இன்னொரு பிள்ளை. பெரிய ஊர்க்காரப் பிள்ளை, அப்பா அம்மா ரெண்டு பேரும் ஆபீஸ் உத்தியோகம். போன முதல் வாரம் அந்தப் பிள்ளை வீட்டிலிருந்து கொண்டுவந்த டப்பாவைத் திறந்து வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறது. நம்ம கழுதை பக்கத்தில் போய் உட்கார்ந்து, ஒரு சப்பாத்தியைப் பிய்த்து வாயில் போட்டிருக்கிறாள். அந்தப் பிள்ளை டப்பாவை மூடிவிட்டு எழுந்து போய்விட்டதாம்.

அன்றைக்குச் சாயங்காலம் போன் போட்டாள். "அம்மா, நான் தப்பு ஒண்ணும் பண்ணலைல?"

தப்பு இல்லை என்றால் அந்த ஊருக்குப் பொய். தப்பு என்றால் உனக்குப் பொய். "நீ சாப்பிட்டியா" என்று மட்டும் கேட்டேன்.

அதிலிருந்து பிள்ளை ஒடுங்கிவிட்டாள். மெஸ்ஸில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிடுகிறாளாம். வகுப்பில் எல்லாரும் முன்னாடியே பழகினவர்கள் மாதிரி பேசிக்கொள்கிறார்களாம். யாரோ பாட்டுக் குழுவுக்குக் கூப்பிட்டார்களாம், யாரோ ஊர்ப்புறத்துக்கு முகாம் போகப் பேர் கேட்டார்களாம், எதற்கும் கை தூக்கவில்லை. "தூக்குனா எல்லாரும் திரும்பிப் பாப்பாங்கம்மா" என்றாள். சோற்று நேரம் ஆனால் எனக்குப் போன் வந்துவிடும். முதலில் பாசம் என்று நினைத்தேன். அப்புறம்தான் புரிந்தது. தட்டுக்கு முன்னால் தனியாக உட்கார்ந்திருக்கிறது வெளியே தெரியாமல் இருக்க, காதில் போனை வைத்துக்கொள்கிறாள்.

தோட்டத்தில் சிக்னல் கிடைக்கிறது அந்தப் பாறை உச்சியில் மட்டும்தானே. மத்தியானம் ஆனால் சட்டியைத் தூக்கிக்கொண்டு அதில் ஏறி நிற்பேன். கீழே இருந்து நம்ம சனம் விடுமா. "என்ன ஆத்தா, கலெக்டர் லைன்ல இருக்காரா?" என்பார்கள். மலையாளத்துக் கங்காணி, "சேச்சி, காய் அவிடெ இல்லா, இவிடெயாணு" என்பான், காய் அங்கே இல்லை, இங்கே கீழேதான் என்று. நான் இறங்கமாட்டேன். போனில் அவள் மெல்லுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நான் சாப்பிடுவேன். மழை நாளில் போன் நனைந்து அணைந்துபோனால், அன்றைக்கு மிச்ச வேலையில் என் கை காயைப் பறிக்கிறதா இலையைப் பறிக்கிறதா என்றே எனக்குத் தெரியாது. பிள்ளை சாப்பிட்டாளா, பட்டினியாக எழுந்து போனாளா, அதுதான் மனசில் ஓடும்.

போன வியாழக்கிழமை சொன்னாள். "அம்மா, சனிக்கிழமை பெட்டியோட வந்துர்றேன். திரும்பிப் போகலை. உன்கூட காய் எடுக்க வர்றேன்."

"வா" என்றேன். அவள் அப்பா லாரியில் லோடு ஏற்றிக்கொண்டு கொச்சிப் பக்கம் போயிருந்தார். அவரிடம் போனில் சொன்னதற்கு, "வந்தா வரட்டும், பிள்ளை முகத்தைப் பாக்கலாம்" என்றார். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. நீ இருந்தால் அடுத்த பஸ்சில் ஏறிப் போய், அந்த அறையில் நடுவில் சம்மணம் போட்டு, ரெண்டு பிள்ளைகளையும் ரெண்டு பக்கம் உட்கார வைத்திருப்பாய். எனக்கு அந்த நெஞ்சு கிடையாது. அந்த வாசலில் நின்று யாரைக் கேட்பது, என்னவென்று கேட்பது என்றுகூடத் தெரியாது.

சனிக்கிழமை பாதி நாளோடு மலையிலிருந்து இறங்கி, போடி பஸ் ஸ்டாண்டில் வந்து நின்றேன். திண்டுக்கல் பஸ்சு ஒன்று வந்தது. இறங்கவில்லை. அடுத்தது வந்தது. இல்லை. போன் போட்டால் அணைத்து வைத்திருப்பதாக ஒரு பொம்பளை திரும்பத் திரும்பச் சொல்கிறாள். பேப்பரில் படித்தது, டிவியில் பார்த்தது, எல்லாம் ஒன்றாக வந்து நின்றது. வியாழக்கிழமை அவள் குரல் எப்படி இருந்தது, "வர்றேன்" என்று எந்த மாதிரி சொன்னாள் என்று யோசித்து யோசித்துப் பார்த்தேன். ஒரு கண்டக்டரைப் பிடித்துக் கேட்டேன்.

"அப்பு, செவப்புப் பெட்டியோட ஒரு பிள்ளை ஏறுச்சா? ஒல்லியா இருக்கும்."

"ஆத்தா, பஸ்சு பூரா ஒல்லிப் பிள்ளைகதான். உக்காருங்க, அடுத்த வண்டில வரும்."

இருட்டப் போகிற நேரத்தில் தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது. ஒரே கூச்சல். பாத்திரம் உருளுகிற சத்தம். நடுவில் மீனா.

"அம்மா, சொல்ல மறந்துட்டேன். போன்ல சார்ஜ் இல்ல. நான் முகாமுக்கு வந்துட்டேன்."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவள் மூச்சு விடாமல் சொன்னாள். வெள்ளிக்கிழமை பெட்டி கட்டும்போது அந்த அறைப் பிள்ளை, ஏன் போகிறாய் என்று கேட்டதாம். இவளுக்கு அழுகை வந்து சப்பாத்திக் கதையைச் சொல்லிவிட்டாளாம். அந்தப் பிள்ளை முழித்ததாம். "எங்க வீட்ல யாரு தட்டுலயும் யாரும் கை வைக்க மாட்டாங்கடி. எனக்கு என்ன செய்றதுன்னே தெரியலை. அதான் மூடிட்டேன்" என்றதாம். அப்புறம் விடிகாலையில் முகாம் பஸ்சு கிளம்பும்போது, ஒரு இடம் காலியாக இருக்கிறது என்று இவள் கையைப் பிடித்து ஏற்றிவிட்டதாம். இப்போது ஏதோ ஒரு ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஐம்பது பேருக்குச் சமைக்கிறார்களாம்.

"பொறுப்பா யாராச்சும் இருக்காங்களாடி?"

"டீச்சருங்க இருக்காங்கம்மா. இரு, சாம்பார் அடிப்பிடிக்குது" என்று வைத்துவிட்டாள். பஸ்சுக்கு யாராவது காத்திருப்பார்கள் என்ற நினைப்பே அவளுக்கு இல்லை. அம்மா சாப்பிட்டாளா என்று கேட்கவும் இல்லை.

கண்டக்டர் பையன் டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்தான். "என்ன ஆத்தா, பிள்ளை வந்துருச்சா?"

"வரலை, அப்பு" என்றேன். சொல்லும்போதே எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்துவிட்டது. அவன் பயந்துபோய்த் தண்ணீர் பாட்டிலை நீட்டினான்.

பயம் முழுக்கப் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். முகாம் முடிந்து ஆஸ்டலுக்குத் திரும்பினால் எப்படியோ. அந்தப் பிள்ளை இதே மாதிரி இருக்குமோ, மாறிவிடுமோ. இன்றைக்கு மத்தியானம் பாறை மேல் நின்றேன், போன் வரவில்லை. வராதது நல்லதுதான் என்று வாய் சொல்கிறது, வயிறு கேட்கமாட்டேன் என்கிறது.

நல்லதோ கெட்டதோ, எதுவானாலும் முதலில் உன்னிடம் ஓடிவந்து சொல்லிவிட வேண்டும் என்கிற அவசரம் மட்டும் இன்னும் என்னிடமே இருக்கிறது, மதினி. அதை இறக்கி வைக்க எனக்கு இடம் தெரியவில்லை. அதனால்தான் எழுதிவிட்டேன். பிள்ளை வரவில்லை. கேட்டாயா, நம்ம மீனா வரவில்லை.